எக்கினேசியா: நாக்கை மரக்கவைக்கும் புல்வெளிப் பூ

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியைத் திறந்தால், சாக்லேட்டுக்கும் பாதாம் பருப்புக்கும் நடுவே சில சமயம் ஒரு மாத்திரைப் புட்டியும் இருக்கும். லேபிளில் ஊதாவும் ரோஸும் கலந்த ஒரு பூ. இதழ்கள் மழையில் நனைந்த குடைபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். "சளி பிடிக்கிற மாதிரி இருந்தா ஒண்ணு போட்டுக்கோங்க. அங்கே பழங்குடி மக்கள் காலங்காலமா சாப்பிட்டு வந்ததுதான்" என்று சொல்லிக் கையில் கொடுப்பார்.

அந்தப் பூவின் பெயர் எக்கினேசியா. சொந்தக்காரர் சொன்னதில் பாதி சரி. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் இந்தச் செடியைப் பலவிதமாகப் பயன்படுத்தினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் புட்டிக்குள் இருப்பது பல நேரம் அவர்கள் அதிகம் தோண்டிய இனமல்ல, அவர்கள் மென்ற பாகமுமல்ல. சளிக்கு அதிகம் மென்றார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்கள் பட்டியலில் பல்வலியும் தீக்காயமும் விஷக்கடியும்தான் முன்னால் நிற்கின்றன.

முதலில் அது வளரும் இடத்தைப் பார்த்துவிடலாம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடாவின் தெற்கு ஓரத்திலிருந்து டெக்சஸ் வரை, ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். அதற்குப் பிரெய்ரி என்று பெயர். கிழக்கே மழை அதிகம், அங்கே ஆளுயரப் புல். மேற்கே போகப்போக மழை குறையும், புல்லும் குட்டையாகும். அடிக்கடி வரும் தீ, மேய்ந்து திரிந்த காட்டெருமைக் கூட்டங்கள், நீண்ட வறட்சி, இந்த மூன்றும் சேர்ந்து மரங்களைத் தலையெடுக்க விடவில்லை. குளிர்காலத்தில் தரை கல்லாக உறையும், கோடையில் வெடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்க ஒரே வழி, சொத்தையெல்லாம் மண்ணுக்குள் வைத்துக்கொள்வது. பிரெய்ரிச் செடிகள் அதைத்தான் செய்கின்றன. மேலே தெரிவது கொஞ்சம், கீழே இருப்பது நிறைய.

எக்கினேசியாவில் ஒன்பது பத்து இனங்கள் உண்டு. மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியா, மேற்கே வறண்ட புல்வெளியில் வளர்வது. ஒன்றிரண்டு அடி உயரம், ஒடுக்கமான சொரசொரப்பான இலை, ஆணிவேர் பல அடி ஆழத்துக்கு நேராக இறங்கும். எக்கினேசியா பல்லிடா அதற்குக் கொஞ்சம் கிழக்கே. வெளிறிய நிறம், நீண்டு தொங்கும் இதழ். மூன்றாவது எக்கினேசியா பர்பூரியா. இது இன்னும் கிழக்கே, ஈரமான இடங்களில் வரும். இலை அகலம், வேர் ஆணிவேராக இல்லாமல் சல்லிவேராகப் பரவும், தோட்டத்தில் வைத்தால் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி வித்தியாசம் பின்னால் ரொம்ப முக்கியமாகப் போகிறது.

ஆங்கிலத்தில் பர்ப்பிள் கோன்ஃபிளவர், அதாவது ஊதாக் கூம்புப் பூ என்பார்கள். எக்கினேசியா என்ற பெயர் கிரேக்கத்தில் முள்ளெலியைக் குறிக்கும் எக்கினோஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. கடலில் இருக்கும் முள்ளுருண்டைக்கும் அதே சொல்தான். 1794-ல் கொன்ராட் மென்ஷ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வைத்தது. தேரிக்காட்டுப் பக்கம் முள்ளெலி பயந்து சுருண்டுகொள்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பூவின் நடுப்பகுதியைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிடும்.

கிட்டப் போய்ப் பார்ப்போம். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம். சூரியகாந்தி, சாமந்தி குடும்பம் இது. அந்தக் குடும்பத்துக்கே உள்ள ஏற்பாடு. வெளியே இதழ்போலத் தொங்குபவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, ஆனால் மலட்டுப் பூ. பூச்சிகளைக் கூப்பிடும் விளம்பரப் பலகை, அவ்வளவுதான். விதை பிடிப்பதெல்லாம் நடுவிலிருக்கும் கூம்பில். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பொடிப் பூக்கள் சுருள்சுருளாக நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆரஞ்சு நுனியுள்ள ஒரு விறைப்பான முள் காவலுக்கு நிற்கும். கூம்பு ஒரேயடியாக மலராது. கீழ் வரிசையில் தொடங்கி நாளுக்கு ஒரு வளையமாக மேலே ஏறும். ஒரு பொடிப் பூ முதல் நாள் காலையில் மகரந்தத்தை வெளியே தள்ளும். மறுநாள்தான் அதன் சூலகத் தண்டு நீளும். தன் மகரந்தம் தனக்கே ஆகாது. வேறு செடியிலிருந்து, அதுவும் நெருங்கிய சொந்தமில்லாத செடியிலிருந்து, வர வேண்டும். தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்கும்.

குளிர்காலம் வருவதற்குள் இதழ்கள் உதிர்ந்து, கூம்பு மட்டும் கறுத்துக் காய்ந்து குச்சியில் நிற்கும். விதைக்காக மஞ்சள் நிறச் சிட்டுக்குருவி ஒன்று அதன்மேல் தொத்திக் கொத்திக்கொண்டிருக்கும். அந்தக் காய்ந்த கூம்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டார்கள் என்றால் நம்புவீர்களா? முட்கள் நெருக்கமாக, குத்தாத அளவு விறைப்பாக இருப்பதால் அது நல்ல சீப்பு. ஓமஹா, போன்கா மக்களின் மொழியில் இந்தச் செடிக்கு இருந்த ஒரு பெயரே சீப்புச்செடி என்றுதான் பொருள்படும். கியோவா மக்களும் அதைச் சீப்பாக வைத்திருந்தார்கள். பானி மக்கள் வைத்த பெயர் பிள்ளைகளின் விளையாட்டிலிருந்து வந்தது: இரண்டு தண்டுகளைப் பறித்து, ஒன்றின் தலையை இன்னொன்றின் தலையோடு சேர்த்துச் சுழற்றுவார்களாம். மருந்தைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டும் ஒரு வரிக்கு மேல் வராது. எனக்கென்னவோ ஒரு செடி மக்களோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதை மருந்தைவிடச் சீப்பும் விளையாட்டும்தான் காட்டுகின்றன.

இந்த விவரங்கள் நமக்குக் கிடைக்கப் பெரிய காரணம் மெல்வின் கில்மோர் என்ற நெப்ராஸ்காக்காரர். மிசௌரி ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த ஓமஹா, போன்கா, பானி, டகோட்டா, வின்னபேகோ மக்களிடம் நேரில் கேட்டு, எந்தச் செடியை எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று எழுதி 1919-ல் வெளியிட்டார். எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியாவுக்கு வரும்போது பட்டியல் நீள்கிறது. பாம்புக்கடி, மற்ற விஷக்கடிகள், பூச்சிக் கொட்டு. பல் வலித்தால் வேரில் ஒரு துண்டை நறுக்கி வலிக்கும் பல்மேல் வைத்து அடக்கிக்கொள்வது. பொன்னுக்கு வீங்கி மாதிரி கழுத்துச் சுரப்பிகள் வீங்கினாலும் இதுதான். தலைவலிக்குப் புகை போடுவது. குதிரைக்குச் சளி நோய் வந்தால் அதற்கும் அதே புகை. தீக்காயத்தைச் சாற்றால் கழுவுவது. சுடுகல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காரும் வியர்வைக் குடிலில், அந்தச் சூட்டைத் தாங்க இந்தச் சாறு.

செயென் மக்கள் வாய்ப்புண்ணுக்கும் ஈறு வலிக்கும் வேரை மென்றார்கள். லகோட்டா மக்கள் தாகத்துக்கும் மென்றார்கள். கியோவாக்கள் இருமலுக்கும் தொண்டைக் கமறலுக்கும் மென்று சாற்றை மெதுவாக விழுங்கினார்கள். சளி மாத்திரைக்கு மிகப் பக்கத்தில் வருவது இந்தக் கடைசிப் பயன்தான். அதுகூடத் தொண்டை நோவுக்குத்தானே தவிர, நோய் வராமல் தடுக்கத் தினமும் சாப்பிட்டதல்ல.

கில்மோர் குறித்துவைத்ததில் இன்னொன்று சுவாரசியமானது. வித்தை காட்டுபவர்கள் கையிலும் முழங்கை வரையிலும் இந்தச் சாற்றைப் பூசிக்கொண்டு, கொதிக்கும் பானைக்குள் கைவிட்டு இறைச்சித் துண்டை எடுத்துக் காட்டுவார்களாம். வின்னபேகோ மனிதர் ஒருவர், தான் இதை மென்று வாயை மரக்கவைத்துக்கொண்டு நெருப்புத் துண்டை வாயில் போட்டுக் காட்டுவது வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். வலி தெரியாமல் போவது வேறு, சுடாமல் இருப்பது வேறு.

பல்வலி, வாய்ப்புண், தொண்டை, தீக்காயம், கொட்டு, நெருப்பு வித்தை. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவில் ஓடும் சரடு தெரிகிறது: மரத்துப்போதல். அங்கஸ்டிஃபோலியா வேரை ஒரு துண்டு மென்றால் முதலில் மண்வாசனையோடு லேசான இனிப்பு. ஒரு நிமிஷத்தில் நாக்கு நுனியில் சுருசுருவென்று ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில் ஊறும், ஊறிக்கொண்டே இருக்கும். பிறகு உதடும் நாக்கும் தன்னுடையதல்ல என்பதுபோல மரத்துவிடும். அல்கமைடு என்ற வகை வேதிப்பொருள்கள் செய்யும் வேலை இது. தாகத்துக்கு ஏன் மென்றார்கள் என்பதற்கும் அந்த எச்சிலே பதிலாக இருக்கலாம். மூலிகை வாங்குபவர்கள் இன்றும் வேர் தரமானதா என்று பார்க்க ஒரு துண்டைக் கடித்துப் பார்ப்பார்கள். சுருசுருக்காவிட்டால் சரக்கு சரியில்லை.

இந்த உணர்வு நமக்கும் புதிதல்ல. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் அக்கரகாரத்தை வாயில் அடக்கிப் பார்த்தவர்களுக்கு இதே சுருசுருப்புத் தெரியும். சித்த வைத்தியத்தில் பல்லுக்கும் நாவுக்கும் தொண்டைக்கும் அது வருகிறது. பல்வலிப் பூண்டின் மஞ்சள் மொட்டைக் கடித்தாலும் அப்படித்தான். மூன்றுமே சூரியகாந்திக் குடும்பம், மூன்றிலும் வேலை செய்வது அல்கமைடுகள்தான். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத மக்கள், வெவ்வேறு கண்டங்களில், பல் வலித்தபோது ஒரே குடும்பத்துச் செடிகளைக் கடித்திருக்கிறார்கள்.

பாம்புக்கடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எக்கினேசியா பாம்பு விஷத்தை முறிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பின் ஏன் நம்பினார்கள்? அந்தப் புல்வெளியின் விரியன்கள் கடிக்கிற ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவதில்லை. இறக்கினாலும் கடிபட்டவர்களில் பலர் பிழைத்துக்கொள்வார்கள். பிழைத்தவருக்கு எந்த வேரைக் கொடுத்திருந்தாலும் பெயர் அந்த வேருக்குத்தான் போகும். நம் ஊர்ப் பாம்புக்கடிப் பச்சிலைகளின் புகழும் இப்படி வளர்ந்ததுதான். கடித்தால் ஆஸ்பத்திரிதான், வேறு பேச்சில்லை.

சரி, பல்வலி வேர் சளி மாத்திரை ஆனது எப்படி? கதை நெப்ராஸ்காவில் பானி சிட்டி என்ற சிற்றூரில் தொடங்குகிறது. பானி மக்களின் பெயரைத் தாங்கிய ஊர். அந்த மக்களோ 1870-களில் நெப்ராஸ்காவை விட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட அந்தக் காலத்தில், அங்கே குடியேறிய மேயர் என்ற ஜெர்மானியர் இந்த வேரை முக்கியச் சரக்காக வைத்து 'இரத்த சுத்தி' மருந்து ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். செடியின் குணத்தைப் பழங்குடி மக்களிடமிருந்து தெரிந்துகொண்டதாகச் சொல்வார்கள். அவர் கை பட்டதும் மருந்து எல்லா நோய்க்கும் ஆகிவிட்டது.

மேயர் தன் மருந்தைப் பற்றி சின்சினாட்டியில் இருந்த ஜான் கிங் என்ற மருத்துவருக்கும், ஜான் யூரி லாய்ட் என்ற மருந்தாளருக்கும் எழுதினார். இவர்கள் எக்லெக்டிக் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள்; மூலிகையை முதன்மையாகக் கொண்டு வைத்தியம் பார்த்த, அன்றைக்கு அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்த கூட்டம். மேயர் அனுப்பிய வேரை வைத்து இது இன்ன செடி என்று சொல்ல முடியவில்லை, முழுச் செடியை அனுப்பு என்றார் லாய்ட். வந்ததும் எக்கினேசியா அங்கஸ்டிஃபோலியா என்று அடையாளம் கண்டார்கள். நம்பாதவர்களை நம்பவைக்க மேயர் ஒரு யோசனை சொன்னார்: உங்கள் கண் முன்னாலேயே விரியனைக் கடிக்கவிட்டுக்கொண்டு என் மருந்தாலேயே குணமாகிக் காட்டுகிறேன். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நல்ல வேளை. 1887-ல் கிங் இந்தச் செடியைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். லாய்ட் சகோதரர்கள் கம்பெனி அதை மருந்தாக்கியது. எக்லெக்டிக் மருத்துவர்களிடம் சில பத்தாண்டுகள் சக்கைப்போடு போட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1909-லேயே இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று ஒதுக்கியிருந்தது. ஆனாலும் 1916-ல் அந்நாட்டின் நேஷனல் ஃபார்முலரி என்ற மருந்துத் தொகுப்பில் இடம் பிடித்து, 1950 வாக்கில்தான் வெளியேறியது. அதற்குள் பெனிசிலின் வந்துவிட்டது.

அமெரிக்கா மறந்த நேரத்தில் ஜெர்மனி கையில் எடுத்தது. கெர்ஹார்ட் மதௌஸ் என்ற மருத்துவர் 1930-களின் இறுதியில் அமெரிக்கா வந்து விதை வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது அங்கஸ்டிஃபோலியா. ஊருக்குப் போய் விதைத்தால் முளைத்தது பர்பூரியா! நான் முன்னால் சொன்னேனே, தோட்டத்தில் சுலபமாக வளர்வது என்று, அதே இனம். நன்றாக வளர்ந்ததால் அதை வைத்தே ஆராய்ச்சியும் மருந்தும் தொடங்கினார். பூத்திருக்கும்போது தரைக்கு மேலே இருக்கும் பாகத்தை அறுத்துப் பிழிந்த சாறு அது. ஆக, இனம் மாறியது. வேர் போய் இலையும் பூவும் வந்தது. மெல்வது போய்ச் சொட்டு மருந்து வந்தது. மரக்கவைப்பது போய் எதிர்ப்புச் சக்தி வந்தது. லேபிளில் மட்டும் 'பழங்குடி மருந்து' மாறவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே இன்னொரு கூத்தும் நடந்தது. பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம் என்ற பிரெய்ரிச் செடியின் வேர் பல காலம் எக்கினேசியா பர்பூரியா வேர் என்ற பெயரில் சந்தையில் ஓடியது. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களே ஏமாந்து, அதில் கண்ட வேதிப்பொருள்களை எக்கினேசியாவின் கணக்கில் எழுதிவைத்தன. 1980-களில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் புருவம் உயர்ந்திருக்கும். ஆமாம், நம் தரிசுகளில் மண்டிக் கிடக்கிறதே பார்த்தீனியம், அதன் பெரியப்பா பிள்ளைதான் அது.

சளிக்குக் கேட்குமா? 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் 399 பேருக்கு மூக்கில் சளி வைரஸை விட்டு, சிலருக்கு அங்கஸ்டிஃபோலியா வேர்ச்சாறும் சிலருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. 2014-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 24 ஆய்வுகளை, மொத்தம் 4,631 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சில தயாரிப்புகளில் சின்னப் பலன் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சாரம். ஒரு புட்டிக்கும் மற்றொரு புட்டிக்கும் இனமும் பாகமும் அளவும் மாறும்போது உறுதியான பதில் கிடைக்காததில் ஆச்சரியமில்லை. என்னைக் கேட்டால், சொந்தக்காரர் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம். பார்த்தீனியம், சாமந்தி ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் மூச்சிரைப்பும் வருபவர்கள் அதையும் வாயில் போட வேண்டாம். குடும்பம் ஒன்று என்பதால் இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

1990-களில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு மறுபடி மவுசு வந்தது. தோட்டத்துப் பர்பூரியா போதவில்லை. காட்டு அங்கஸ்டிஃபோலியா வேருக்கு நல்ல விலை. கான்சஸ், வடக்கு டகோட்டா, மொன்டானா பக்கம் ஆட்கள் கடப்பாரையோடு கிளம்பினார்கள். அடுத்தவர் நிலம், அரசு நிலம், பழங்குடி நிலம் என்று பார்க்கவில்லை. வடக்கு டகோட்டா 1999-ல் திருட்டுத் தோண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டது. ஒரு சின்ன ஆறுதல், வேரின் மேல்பகுதியை வெட்டி எடுத்தாலும் ஆழத்தில் மிஞ்சியதிலிருந்து பல செடிகள் மறுபடி துளிர்க்கின்றன. கான்சஸில் சில இடங்களில் நூறு வருஷமாகத் தோண்டியும் செடி இன்னும் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கடப்பாரையைவிடப் பெரிய சேதம் செய்தது ஏர். 1837-ல் இல்லினாயில் ஜான் டியர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பை செய்தார். பிரெய்ரியின் வேர்ப்பின்னலை அது கிழித்துப் போட்டது. உயர்புல் பிரெய்ரி மட்டும் ஏறத்தாழ 17 கோடி ஏக்கர் இருந்தது. இன்று மிச்சம் 4 சதவீதம்கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பங்கு கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில், அதுவும் கல் நிறைந்த நிலமாதலால் ஏர் இறங்கவில்லை என்பதால். மற்ற இடங்களில் சாலையோரம், ரயில் பாதையோரம், கல்லறைத் தோட்டத்து மூலை என்று துண்டு துண்டாக நிற்கிறது.

மின்னசோட்டாவின் மேற்கில் அப்படிப்பட்ட துண்டுகளில் 1990-களின் நடுவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு இந்தச் செடிகளை வருஷம் தவறாமல் எண்ணி வருகிறது. 21 ஆண்டுக் கணக்கைப் பார்த்து 2020-ல் அவர்கள் சொன்னது: தீ வைத்ததை அடுத்து வரும் கோடையில் செடிகள் ஒன்றுசேர்ந்து பூக்கின்றன, பக்கத்தில் துணை இருப்பதால் விதையும் அதிகம் பிடிக்கிறது. தீ இல்லாத வருஷங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கின்றன.

துணை கிடைத்ததா என்பதைப் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம். பொருத்தமான மகரந்தம் வந்து சேர்ந்த சூலகத் தண்டு ஒரே நாளில் சுருங்கிவிடும். வராவிட்டால் சுருங்காது. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு செடியின் கூம்பில், வரிசை வரிசையாக அந்தத் தண்டுகள் நீட்டிக்கொண்டு பத்து நாள் வரை நிற்கும்.